கிணற்றில் இறங்கிய உபதேசியார்

கோயில் உபதேசியார் கஸ்பாருக்குப் பேசக் கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடவுள் மனிதனாய் இறங்கி வந்ததை முக்கால் மணி நேரம் விளக்குவார். பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ஆனால் மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி; கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

எழுபத்து நான்காம் வருடம், பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். பாண்டிச்சேரியில் புது வர்ணம் பூசி வாங்கிய குழந்தை இயேசு சுரூபத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மரக்காணம் உப்பளத்து வழியே சைக்கிளில் வந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒரு கிணற்றடியில் கூட்டம். தண்ணீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சின் மூழ்குவதற்குள் தூக்கிவிட இறங்கிய பஞ்சநாதன், ஒரு பக்கத்து மண் மேலே சரிந்து, இடுப்பு வரை புதைந்து கிடந்தான்.

மேலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள். கயிற்றைப் பிடி என்றார்கள், அசையாதே என்றார்கள், குலசாமியை நினை என்றார்கள். கயிறு முகத்துக்கு நேரே தொங்கியும் அவன் பிடிக்கவில்லை. பயத்தில் கண் செருகிக்கொண்டிருந்தது. மறுபக்கத்து மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்தது. யாராவது இறங்கிக் கட்டினால்தான் உண்டு, இறங்கத்தான் ஆளில்லை. கஸ்பாரும் தைரியமாய் இருக்கச் சொல்லி ஒரு குரல் கொடுத்தார். கொடுத்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

சுரூபத்தைப் பஞ்சநாதன் மனைவி தனகோடி கையில் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கயிற்றைப் பிடித்து இறங்கினார். தலையில் மண் விழுந்தது. பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு மறு கையால் சேற்றை வழித்தார்.

"போயிடாதீங்க உபதேசியாரே."

"எங்கடா போறேன்? உன்கூடத்தான் இருக்கேன்."

அவன் விசும்பினான், உடம்பு இளகியது. அக்குளுக்குக் கீழே கயிறு கட்டியதும் மேலே இழுத்தார்கள். கயிறு திரும்ப வந்ததும் கஸ்பாரும் ஏறினார். அவர் நின்ற இடத்தில் மண் மொத்தமாய் வந்து விழுந்தது.

சாயங்காலம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் காலியாக இருந்தது. பதற்றத்தில் சுரூபத்தை மறந்தே போயிருந்தார். செபத்துக்கு மணி அடிக்கும்போது, தனகோடி அதை முந்தானையில் பொத்திக்கொண்டு, நொண்டி நடந்த புருஷனோடு வாசலில் வந்து நின்றாள். கஸ்பார் அவளையே குடிலில் வைக்கச் சொன்னார்.

பிறகு பேச எழுந்தார். தயார் செய்ததை விட்டுவிட்டு, குடிலில் இருந்த குழந்தையைக் காட்டினார்.

"மேலேர்ந்து சொன்னா போதாதுன்னுதான் இவரு எறங்கி வந்தாரு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவர் அதற்கு மேல் பேசியதில்லை. அன்றைக்குக் கடைசி வரிசையில் பஞ்சநாதன் அழுதது கோயில் முழுக்கக் கேட்டது.