குருணை அக்காவும் தொட்டி மூடியும்

தொழிற்சாலையில் என் அக்காவைக் குருணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எஃகைப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் அதன் உள்ளிருக்கும் குருணைகள் பொடியாகும். சூடு சீக்கிரம் தணியாவிட்டால் மறுபடி ஊதிப் பெருக்கும். பெருத்தால் அந்த எஃகில் செய்யும் அச்சுத்தண்டு முறியும். எப்படி அடித்தால் எவ்வளவு பொடியாகும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போடுவது அக்காவின் வேலை. ஆறிய துண்டை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் இருக்கவே கூடாது.

அவள் பொடி என்பாள். எனக்குப் பருமனாகத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும்! சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"லென்ஸைத் தொடச்சியாடா?"

"லென்ஸையும் தொடச்சேன், கண்ணையும் தொடச்சேன். போதுமா?"

"உங்க இரும்பை வாசல்லயே விட்டுட்டு வந்து தொலைங்களேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கடைசியில் மேனேஜரும் பொறுமை இழந்தார். "அடுத்த தடவையும் ஒத்துப்போகலேன்னா இந்தக் கணக்கையெல்லாம் மூட்டை கட்டிடலாம்மா. ஸ்டோர்ல ஆள் தேவைப்படுது."

அவள் படித்த படிப்புக்கு ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கவா?

அக்கா என்னை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். உலைச் சூடு சரி. அடியும் சரி. "அடிச்சதும் எங்கே போடுறீங்க?" என்று ஃபோர்மேனிடம் கேட்டாள். அவர் இரும்புத் தொட்டியைக் காட்டினார். மேலே கனமான மூடி.

"இதுக்கு எதுக்குங்க மூடி?"

"நல்லா கேட்டீங்க போங்க! சேர்ந்த புதுசுல, மூஞ்சியில அனல் அடிக்குதுன்னு நீங்கதானேம்மா கத்துனீங்க? உங்களுக்காகத்தான் செஞ்சு போட்டோம்."

மூடிய தொட்டிக்குள் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செக்கச்செவேலென்று கிடந்தன. ஆறினால்தானே! கணக்கிலோ அவை வெளிக்காற்றில் தனித்தனியாக ஆறிக்கொண்டிருந்தன. அக்கா நெற்றியில் அறைந்துகொண்டாள்.

அடுத்து அடித்த துண்டை வெளியே ஆறவைத்து நான் அறுத்துப் பார்த்தேன். பொடி. அவள் சொன்ன அதே பொடி. மேனேஜரைத் தொட்டியருகே அழைத்து வந்து எல்லாவற்றையும் சொன்னோம்.

"அட, மூடியை எடுத்தா போதுமா? அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார் அந்த மகானுபாவர்.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா கத்தவில்லை. மூடியை இழுத்துத் தொட்டிமேல் தடாலென்று போட்டாள்.

"சரி சார், நான் ஸ்டோருக்குப் போறேன். அடுத்து எது கெட்டாலும் எந்த மூடியை எடுக்கணும்னு நீங்களே தேடிக்கோங்க."

மேனேஜர் மூடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ஸ்டோருக்கு வேற ஆள் பாத்துக்குறேன். நீ முதல்ல இதை எடும்மா."

"எடுக்குறேன் சார். ஆனா அனல் அடிக்குமே" என்றாள் அக்கா.