காலர் வைத்த புல்லட்

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலம்பாளையம் டீக்கடை வாசலில் ஐந்து பழைய புல்லட்டுகள் நிற்கின்றன. ஓட்டிவந்தவர்கள் பனியன் கம்பெனிக்காரர்கள். டீ குடிக்க நிறுத்தினால்கூட வண்டிக்குச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். சிவப்பு பனியன் துணி, காலர் வைத்தது; ஹேண்டில்பாருக்கு இரண்டு கைகளும் உண்டு.

"மழை வந்தா?" என்கிறேன்.

"எக்ஸ்போர்ட் துணிங்க. நானே போட்ட சாயம், போகவே போகாதுங்க," என்கிறார் அவர்களில் சாயப்பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமி.

அவர் வாய் மூடுவதற்குள் மழை கொட்டுகிறது.

மழை விட்டதும், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று எனக்காகத் தன் வண்டியின் சட்டையைக் கழற்றுகிறார். வெள்ளை சீட் ரோஸ் கலரில் இருக்கிறது. பழனிச்சாமி குனிந்து சீட்டை விரலால் தேய்த்துப் பார்க்கிறார். முகம் மலர்கிறது.

"பாருங்க, சாயம் திட்டுத் திட்டா இல்லாம எப்படி ஒரே சீரா ஏறியிருக்குதுங்க!"