அன்னாருக்கு ஒரு தாளம்

வெறும் பிஸ்கட் டின்னை இரண்டு விரலால் தட்டிக்கொண்டு நேசமலர் டீச்சர் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்தபடி, தட்டுக்கு ஓர் அடியாக எதிரே வருகிறார் பாயிஸ் ஹாஜியார். வெள்ளவத்தையில் புடைவைக் கடை நடத்தி, பிள்ளைகளையெல்லாம் கரைசேர்த்த மனிதர். இப்போது பார்க்கின்சன் நோய் அவரை ஒவ்வொரு வாசற்படியிலும் ஆணி அடித்து நிறுத்திவிடுகிறது. எவ்வளவு ஏசினாலும் கால் எழும்பாது. டின் சத்தம் கேட்டால் எழும்பும்.

ஹாஜியாரின் மகள் அர்பா முதல் நாளே நிபந்தனை போட்டுவிட்டார். "பாட்டு வாணாம் டீச்சர், மாமாமார் வந்தா ஏசுவாங்க. தட்டுறதுன்னா தட்டுங்க." டீச்சர் மறுபேச்சில்லாமல் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, குசினிக்குள் போய் டின்னோடு திரும்பி வந்தார். ஹாஜியாருக்கு இதில் ஒரு மனக்குறைதான். "நான் சொன்னா கேக்காத கால் டீச்சர்ட டின் சொன்னா கேக்குது. எண்ட கடையிலயும் இப்பிடித்தான். மொதலாளிட பேச்ச ஒருத்தனும் கேக்கல்ல."

பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து இளைப்பாறியவர் டீச்சர். பிறகு எங்கேயோ போய் ஒரு பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தார். கனடாவில் இருக்கும் மகன் ஜனா 'இசைச் சிகிச்சையாளர்' என்று அட்டை அடித்துக் கொடுத்தான். அதை வாசித்த கிழவர் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி எந்தப் பக்கம் என்று கேட்டார். கல்யாண வீடுகளில் டீச்சர் அகப்பட்டால் போதும், சீனிக்கு எந்த ராகம், பிறஷருக்கு எந்த ராகம் என்று ஆட்கள் சுற்றி வளைத்துவிடுவார்கள். "சீனிக்கு நல்ல ராகம் சீனியை விடுறது" என்பார் டீச்சர், அவர்கள் கையில் இருக்கும் லட்டைப் பார்த்துக்கொண்டே. தன் தொழிலைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. "நான் ஒருத்தரையும் சுகப்படுத்திறேல்லை. முன்கதவு பூட்டிக் கிடக்கிற வீட்டில பின்கதவு திறந்திருக்கோ எண்டு தள்ளிப் பாக்கிறன், அவ்வளவுதான்."

கொட்டாஞ்சேனையில் றோஸி என்றொரு அம்மா. பெற்ற மகன் ஜொனாதனையே கேஸ் கொண்டுவந்த பையன் என்று நினைத்து, சிலிண்டரை எங்கே என்று கேட்பவர். டீச்சர் வயலினில் மாதா பாட்டு ஒன்றின் முதல் அடியை இழுத்தால், எட்டுச் சரணத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பாடி முடிப்பார். முடித்த கையோடு ஜொனாதனைப் பார்த்து, "சாப்பிட்டியா மகன்?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவன் டீச்சரைக் கூப்பிடுகிறான். அது கொஞ்ச நேரந்தான் நிற்கும். அதன் பிறகு மறுபடியும் சிலிண்டர்.

இப்படி ஊர்க் கதவையெல்லாம் தள்ளித் திறக்கிற டீச்சர், பின்னேரம் காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் தன் வீட்டுக்கு ஏறி வருவார். அங்கேதான் அவருக்குத் திறக்காத கதவு சாய்மனைக் கதிரையில் இருக்கிறது.

கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கணக்காய்வுத் திணைக்களத்தில் இருந்து இளைப்பாறியவர். பாரிசவாதம் வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. கதைத்தால் விளங்கும். பதில்தான் தொண்டையோடு நின்றுவிடும். பேச்சு போனவர்களுக்குச் சில வேளை பாட்டு மிஞ்சியிருக்கும், பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சு மேலே வரும் என்பது டீச்சர் படித்த படிப்பு. ஆனால் இந்த மனிதரிடம் மிஞ்சுவதற்கு எதுவும் இருந்ததில்லை. கட்டின நாள் முதல் மனைவியின் வயலினைச் 'சத்தம்' என்றே குறிப்பிட்டவர். தேவாரம், பழைய சினிமாப் பாட்டு, பள்ளிக்கூட கீதம் எல்லாவற்றையும் டீச்சர் வாசித்துப் பார்த்தார். பிழையான பில்லைப் பார்ப்பதுபோல அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனா ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் வந்து பரீட்சை வைப்பான். "அப்பா, பக்கத்தில இருக்கிறது ஆர்? சொல்லுங்கோ பாப்பம்." அப்பா வாயைத் திறப்பார், காற்று வரும். உண்மையில், நல்லாய் இருந்த காலத்திலும் அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இஞ்சேர்' என்பதோடு சரி. நாக்குக்குப் பழக்கமே இல்லாத பெயரைத்தான் மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களை ஆரெண்டே தெரியாத ஆளோட தனியக் கிடந்து என்னம்மா செய்யப்போறியள்?" என்றான் ஒரு ஞாயிறு. நீர்கொழும்புப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துவிட்டானாம். அப்பா அங்கே, அம்மா கனடாவில். மாதக் கடைசியில் ஆளே நேரில் வருகிறான்.

"அவருக்கு என்னைத் தெரியும். சொல்லத்தான் வருகுதில்லை."

"அப்ப சொல்லட்டும். ஒருக்காச் சொல்லட்டும், நான் பேசாமல் விட்டிடுறன்."

அதற்கு அடுத்த நாள் டீச்சர் உடுப்புக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார். வானொலியில் மரண அறிவித்தல் போனது. ஸ்ரீஸ்கந்தராசா வாழ்க்கையில் விரும்பிக் கேட்ட ஒலிபரப்பு அது ஒன்றுதான். ஆள் போன துக்கத்துக்காக அல்ல, கணக்காய்வுக்காக. மூத்த மருமகனின் பெயர் விடுபட்டிருந்தால், உயிரோடிருக்கும் ஒருவரைக் 'காலஞ்சென்ற' என்று வாசித்துவிட்டால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். ஒருமுறை செத்தவீட்டுக்கே போய், அறிவித்தலில் இருந்த பிழையைச் சொல்லித் திருத்திவிட்டு வந்தவர்.

அறிவிப்பாளர் அந்த ஏற்ற இறக்கத்தோடு, "...இன்று காலமானார்" என்று இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் சாய்மனைக் கதிரையில் இருந்து, கோணிய வாயால், தெளிவாக ஒரு சொல் வந்தது.

"அன்னார்."

எந்த அறிவித்தலிலும் அடுத்து வருகிற சொல் அது; உறவுகளின் பட்டியல் அதிலிருந்துதான் தொடங்கும். சேலையில் அயன்பெட்டி பதிந்து மணம் வந்த பிறகுதான் டீச்சருக்கு உணர்வு வந்தது.

மறுநாளே பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்தார். அவரது இடது மணிக்கட்டில் தாளம் போட்டபடி, அறிவிப்பாளரின் அதே இழுவையில், முகம் தெரியாத பிணங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "பிறப்பிடமாகவும்" என்று இவர் இழுத்தால், "வதிவிடமாகவும்" என்று அவர் முடித்தார். அன்பு மகனும், பாசமிகு தந்தையும் தடையில்லாமல் வந்தார்கள். பெயர்கள் மட்டும் வரவில்லை. தெரியாத ஆட்களுக்கு அவர் சான்று வழங்கத் தயாரில்லை போலும். பூட்டன், பாட்டன் என்று தேடி, கடைசியில், இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமான அவரது சொந்தத் தமையனின் பழைய அறிவித்தலை எடுத்து வாசித்துப் பார்த்தார் டீச்சர். தாய், தகப்பன், மச்சாள், மருமக்கள் என்று அத்தனை பெயரும் மணிமணியாக வந்து விழுந்தன.

விஷயம் விளங்கிவிட்டது. நேசமலர் என்ற பெயர் மனைவியாக வருகிற அறிவித்தல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அதை இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

சில நாள் டீச்சர் அதைத் தள்ளிப்போட்டார். கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்தார், கணவர் பெயருக்கு, ஆயுள் வேண்டி. வந்து கால் கழுவிவிட்டு அவர் பக்கத்தில் இருந்தார். கைபேசியைப் பதிவில் போட்டு மேசையில் சாய்த்து வைத்தார், ஜனாவுக்கு அனுப்ப வேண்டுமே. மனிதருக்குக் காதும் கொஞ்சம் மந்தம் என்பதால் குரலை உயர்த்தித் தொடங்கினார்: "சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட, இளைப்பாறிய கணக்காய்வு அத்தியட்சகர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்கள் இன்று காலமானார்."

"அன்னார்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, எந்தக் கலக்கமும் இல்லாமல். "காலஞ்சென்றவர்களான கந்தப்பர், பறுவதம் தம்பதியரின் அன்பு மகனும்..."

அடுத்த பெயர் மனைவியுடையது. அவர் மூச்செடுத்தார். அழைப்பு மணி அடித்தது.

டீச்சர் பொறுத்துப் பார்த்தார். மணி மறுபடியும் அடித்தது. கதவைத் திறந்தால், மேல்மாடிப் பூபாலசிங்கம் வெள்ளை வேட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலைகள். பல்கனிக் கதவு திறந்திருந்தது யாருக்குத் தெரியும்? பூபாலசிங்கமும் அந்த ஒலிபரப்பின் பழைய நேயர்தான். குரல் காதில் விழுந்ததும் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டுத்தான் வேட்டியே மாற்றியிருக்கிறார்.

"தங்கச்சி," என்றார் தழுதழுத்து. "எப்ப எடுக்கிறியள்?"

டீச்சர் விலகி நின்றார். எடுக்கப்பட வேண்டியவர் சாய்மனைக் கதிரையில் இருந்து, வந்தவர்களைப் புருவம் சுருக்கிப் பார்த்தார். அழத் தயாராக வந்த ஒரு மனிசி கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார். வந்தது வந்தீர்கள், இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றார் டீச்சர். குடித்தார்கள். செத்தவீட்டில்கூட இவ்வளவு அமைதி இருந்திருக்காது. இறங்கும்போது ஒருவர் மற்றவரிடம், மனிசிக்குத்தான் மூளை தட்டிவிட்டது போலிருக்கு என்று படியில் வைத்துச் சொன்னது மேலே கேட்டது.

செய்தி கனடாவுக்கு, படியிறங்கிய ஆட்களைவிட வேகமாகப் போயிருந்தது. ஜனா முதலில் அழுதான், விஷயம் தெரிந்ததும் அழுததற்காகக் கோபப்பட்டான். பிறகு, வைத்தியரிடம் கதைக்கும் குரலில் மெதுவாகக் கேட்டான்: "அம்மா, நீங்கள் சுகமா இருக்கிறியளோ?" விமான ரிக்கற்றை முன்னுக்கு மாற்றிவிட்டானாம், இந்தக் கிழமையே வருகிறான். பராமரிப்பு இல்லத்துக்கும் சொல்லியாயிற்று. அதுவரை அந்த விளையாட்டை ஒருக்காலும் தொடக்கூடாது.

டீச்சர் ஓம் என்றார். கைபேசியை வைத்தார். பல்கனிக் கதவைச் சாத்தினார், ஜன்னல்களையும் சாத்தினார். விசிறியையும் நிறுத்திவிட்டார். வெயில் நேரம், அறை அவிந்தது. மீண்டும் கைபேசியைப் பதிவில் போட்டு, அவரது மணிக்கட்டைப் பிடித்து, இந்தமுறை காதோடு காதாக வாசித்தார். சுன்னாகம் வந்தது. வெள்ளவத்தை வந்தது. கணவர் இரண்டாந்தரமாகக் காலமானார்.

"அன்னார், காலஞ்சென்றவர்களான கந்தப்பர், பறுவதம் தம்பதியரின் அன்பு மகனும்," என்று சொல்லி நிறுத்தினார் ஸ்ரீஸ்கந்தராசா. மேலுதடு வியர்த்திருந்தது. கண் மனைவியின் முகத்தில் நின்றது, வவுச்சரில் கையெழுத்துப் போடுமுன் நிற்பதுபோல. டீச்சரின் விரல்கள் தாளத்தை விடவில்லை.

"காலஞ்சென்ற," என்றார்.

அந்த இடத்தில் அந்தச் சொல் வரக்கூடாது. டீச்சரின் விரல் ஒரு தட்டுப் பிந்தியது.

"காலஞ்சென்ற நேசமலரின் அன்புக் கணவரும்."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. ல, ர, ற எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மகன் கேட்ட ஒரே சாட்சி, மகனுக்குக் காட்டவே முடியாத விதமாக, கைபேசிக்குள் பதிவாகியிருந்தது. டீச்சர் மற்றக் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினார். பிறகு காதில் விழுந்த நரைமயிரை ஒதுக்கிவிட்டு, அவர் வாய்க்குக் கிட்ட அந்தக் காதைக் கொண்டுபோனார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."