கொதித்த தண்ணீர்

எழுபதுகளின் பிற்பகுதியில், மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்துக் கோப்பெங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அப்போது என் மகளுக்கு ஐந்து வயது.

மரங்கள் இலை உதிர்க்கும் காலம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் வாந்தி பேதி பரவியது. காலரா என்றார்கள். தோட்டத்து வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். யாரும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரவும் கூடாது. ஈப்போவுக்கு லாரி ஓட்டப் போயிருந்த என் கணவர் அங்கேயே தங்கிவிட்டார். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. காற்றடித்தால் சிவந்த இலைகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். பகலிலேயே எல்லோரும் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் சத்தமே இல்லாமல்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஒரு சத்தம் மட்டும் உண்டு. சுகாதார இலாகா வேன் லயத்தைச் சுற்றிவந்து, "பைப்புத் தண்ணியக் குடிக்காதீங்க, தண்ணியில நோய் இருக்கு" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போகும். அடுத்த வீட்டுப் பையன் என் மகளோடுதான் விளையாடுவான். அவனை ஆம்புலன்ஸில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாளே அவள் சுருண்டு படுத்துவிட்டாள். கஞ்சி வேண்டாம் என்றாள். வெறும் பிஸ்கட்டை மட்டும் கேட்டு வாங்கிக் கடித்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுத்தால் கோப்பையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவாள், காலிக் கோப்பையோடு திரும்புவாள். குடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் பார்த்தால் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. கூப்பிட்டால் எங்கேயோ தூரத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வெளியே நின்றபடியே, "அக்கா, பிள்ளைக்கும் வந்திருச்சு போலருக்குலா" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்த மிஸ்ஸி, சுகாதார இலாகா நர்ஸ், எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். மலாய்க்காரப் பெண். தமிழும் மலாயும் கலந்து பேசுவார். வாந்தி உண்டா, வயிற்றால் போகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்ல உடம்புல. ஏன் குடிக்கல?" என்று என்னைக் கேட்கவில்லை, அவளையே கேட்டார். தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

அவள் சொன்னாள். "அவன் பைப்புல குடிச்சான். நானும் குடிச்சேன். இன்னும் குடிச்சா என்னையும் ஆம்புலன்ஸ் தூக்கிட்டுப் போயிரும்."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கருவேப்பிலைச் செடியின் அடியில் மண் ஈரமாக இருந்தது.

மிஸ்ஸி அவளைச் சமாதானப்படுத்தவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. என்னிடம் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பானைக்கு முன்னால் உட்கார்ந்தார். "தண்ணியில உள்ள நோய்ப்பூச்சி சூட்டுல என்ன ஆகுதுன்னு பாரு" என்றார். மூன்று பேரும் பானையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. பிறகு தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆவி எழுந்து கூரை வரை போய்க் கரைந்தது. என் மகள் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"பூச்சி கத்துதா?" என்று கேட்டாள்.

"கத்த நேரமில்லலா. சூட்டுல எல்லாம் செத்துப்போச்சு" என்றார் மிஸ்ஸி.

தண்ணீரை ஆற்றி அவர் கையில் கொடுத்தேன், பிள்ளைக்குப் புகட்டட்டும் என்று. அவர் முகமூடியை இறக்கிவிட்டு, எங்கள் வீட்டுக் கோப்பையில், என் மகளின் கண்ணுக்கு முன்னால், தானே குடித்தார். அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டுப் பெண்கூட எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தி, ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். மிஸ்ஸி உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்ததை எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் குடித்து முடித்தாள். ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யார் கோப்பையைத் தூக்கினாலும், "கொதிச்சதா?" என்று அதட்டுவாள். அடுத்த வீட்டுப் பையன் குணமாகித் திரும்பி வந்தபோதும் முதலில் அதையேதான் கேட்டாள். கயிற்றை அவிழ்த்த பிறகு அந்த மிஸ்ஸியை நான் பார்க்கவே இல்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இன்று பேரப்பிள்ளைகள் எதற்காவது மிரண்டு நின்றால், விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மனசுக்குள் என்ன நினைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுகிறேன். பெரியவர்கள் சொன்னது பிள்ளைகளின் காதுக்குள் போய் என்னவாக மாறியிருக்கும் என்று கேட்டால்தானே தெரிகிறது.