தரகர் மறுக்காத தேத்தண்ணி

பத்மாவதிக்குச் சமையல் என்றால் தேங்காய்தான். முழுத் தேங்காயைப் பிழிந்து விட்டால்தான் அவளுக்குக் கறி கறியாகத் தெரியும். அப்படிப்பட்டவள், கணவர் கதிரவேலுவுக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே அடுப்படியைத் தலைகீழாக மாற்றினாள். அரிசிமாப் பிட்டு போய்க் குரக்கன் பிட்டு வந்தது. எண்ணெய்ப் பொரியல் போய் முருங்கையிலை வறை வந்தது. கறிக்குப் பாதித் தேங்காய், சோற்றில் ஒரு அகப்பை குறைவு, அந்த இடத்துக்குக் கீரையும் பயற்றங்காயும். அவருக்கொன்று தனக்கொன்று என்று அவள் சமைக்கவில்லை. அவர் தின்பதையே தானும் தின்றாள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மனம் வைத்தால் எந்த வீட்டிலும் செய்யலாம்.

பலன் அவளுக்குத்தான் கிடைத்தது. முழங்கால் நோவு விட்டது, சட்டைகள் தொளதொளத்தன. அவருக்கு மட்டும் சீனி இறங்க மாட்டேன் என்று நின்றது.

"இஞ்சருங்கோ, களவாய் ஏதும் தின்னுறியளோ?"

"உன்ரை கையாலை தாறதைத் தவிர நான் வேறை ஒண்டும் சாப்பிடுறேல்லை, பத்மா. சத்தியமாய்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொடிகாமத்தைச் சுற்றி வீடு வீடாகச் சைக்கிளில் போய்க் கலியாணம் பேசும் தரகர் அப்படி இருப்பது அதிசயம்தான். அவள் நம்பினாள். பிழை தன் சமையலில்தான் என்று எண்ணிச் சோற்றில் இன்னும் ஒரு அகப்பை குறைத்தாள். அவரை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஆனால் கால்விரலில் வந்த புண் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆளே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு மீசாலையிலிருந்து உதயகலா வந்தாள். அவளுடைய மகளின் கலியாணத்தைப் பேசி முடித்தவர் கதிரவேலு. வந்ததும் பத்மாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணையைப் போலை ஒரு மனுசன் கிடையாது அக்கா. எத்தினை தரம் எங்கடை வீட்டுக்கு வந்திருப்பார்! ஒருநாளும் தேத்தண்ணியை வேண்டாமெண்டு சொன்னதில்லை. பால் விட்டு, மூண்டு கரண்டி சீனி போட்டுத்தான் குடுப்பன்."

"மூண்டு கரண்டியோ?"

"ஓம் அக்கா. கலியாணம் பேச வாற மனுசனுக்குச் சீனி குறைச்சுக் குடுக்கலாமே? சம்பந்தம் இனிக்க வேணுமெல்லே!"

பத்மாவதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண் வீட்டில் ஒரு தேத்தண்ணி, மாப்பிள்ளை வீட்டில் ஒரு தேத்தண்ணி. நல்ல காரியம் பேசப் போன இடத்தில் இனிப்பைத் தள்ளினால் அபசகுனம். தள்ளின தரகரை அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்? சாப்பிடவில்லை என்றுதானே சத்தியம் செய்தார். தேத்தண்ணியை இந்த ஊரில் யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? அவள் அடுப்படியில் கிள்ளிக் கிள்ளிக் குறைத்ததை ஊர் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறது. அதுவும் அன்பாக. திட்டித் தீர்க்க ஒரு ஆள்கூட அகப்படாத துக்கத்தை என்ன செய்வது?

"சீனி போடட்டோ எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி."

உதயகலாவின் முகம் வெளிறியது. "எங்களுக்கு ஆர் அக்கா சொன்னது? அண்ணையும் வாய் திறக்கேல்லையே."

உண்மைதான். கேட்டிருந்தாலும் "போடுங்கோ" என்றுதான் சொல்லியிருப்பார். பத்மாவதி அவள் கையை விடவில்லை. சாவீட்டில்கூட அழாமல் இருந்தவள், இப்போது வாய் கோணி அழுதாள்.

"கடைசி மாசம் பசிக்குது பசிக்குதெண்டு கேட்டவர், தங்கச்சி. நான் ஒரு பிடி சோறு கூடப் போடேல்லை."