இருக்கைக்கு அடியில் ஹாவிஸ்

ஹாவிஸுக்குக் கோபம் வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவள் காய்ச்சிய பீருக்காக மறுபடி திறக்கும். புருஷன் கல்தச்சன். பேராலயத்தின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தபோது அதனடியில் போனவன். அந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்ட வந்தவர்களுக்கெல்லாம் பீர் ஊற்றித்தான் அவள் பிழைத்தாள். புதுப் பீர் தயாரானால் வாசலில் கழி நட்டு, ஒரு கொத்துத் தழையைக் கட்டுவாள். சாரத்தின் உச்சியில் நிற்பவனுக்கும் அது தெரியும். அளவில் ஒரு சொட்டுக் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்லத் துணிய மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கல்வேலை முடிந்து, துறவிகளின் பாடற்கூடத்துக்கு மர இருக்கைகள் வந்தன. மணிக்கணக்கில் நின்று ஜெபம் பாடினால் யாருக்கும் கால் கடுக்கும். ஆகவே இருக்கைப் பலகையை மேலே மடக்கினால் அடிப்பக்கம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பதுபோல் காட்டிக்கொண்டே அதில் குந்திக்கொள்ளலாம். கடவுளை ஏமாற்ற இதைவிட மரியாதையான வழி கிடையாது. விளிம்பைத் தாங்கும் இடத்தில் செதுக்குவது தச்சன் இஷ்டம்: நரி, பன்றி, சண்டைக்காரப் பெண்டாட்டி. அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பிசாசு நரகத்துக்குத் தூக்கிப்போகும் காட்சி எந்தப் பேராலயத்திலும் ஒன்று இருக்கும்.

இங்கே அந்தப் பீர்க்காரிக்கு ஹாவிஸின் முகம் வந்துவிட்டது. ரொட்டிக்காரி வந்து சிரிப்போடு சொல்லிவிட்டுப் போனாள். அன்றே இரண்டு பேர் குடிக்குமுன் குவளைக்குள் எட்டிப் பார்த்தார்கள். நல்ல பேர் போனால் பீர்க்காரிக்கு வேறென்ன மிச்சம்?

பாடற்கூடத்தில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. இன்னும் தீர்த்தம் தெளித்துப் புனிதமாக்கவில்லையே என்று நேரே உள்ளே போனாள். இருக்கைகளைச் செதுக்கும் தச்சன் தர்ஸ்டன் தனியாக வேலை செய்துகொண்டிருந்தான். மனைவியை இழந்தவன், பேச்சைக் கஞ்சன் காசுபோலச் செலவழிப்பவன்.

“ஏன்யா தர்ஸ்டன், நான் எப்பய்யா அளவு குறைச்சேன்?”

“குறைச்சதே இல்ல.”

“அப்புறம் எதுக்கு என் மூஞ்சி?”

“பொம்பள முகம்னு உளிய வச்சேன். வேற முகம் கைக்கு வரல.”

“என் கையில நீ செதுக்கின குவளையில பாதிதான் இருக்கு. ரொப்பு.”

“மரத்துல எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. வேணும்னா முகத்த எடுத்துடறேன்.”

ஹாவிஸ் குனிந்து பார்த்தாள். தன் முகத்தைத் தொட்டித் தண்ணீரில் கலங்கலாகப் பார்த்ததோடு சரி. மூக்கின் கோணல்கூட அப்படியே இருந்தது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தாள். அதை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“முகம் இருக்கட்டும். பிசாச எடு.”

தர்ஸ்டன் உளியை எடுத்தான். கொம்பு, சிறகு, வால் எல்லாம் சீவலாகத் தரையில் விழுந்தன. பிசாசு போனபின் பாதிக் குவளையில் ஒரு குற்றமும் இல்லை. குடித்தது போக மிச்சம், அவ்வளவுதான். அவள் இடுப்பைப் பிடித்திருந்த பிசாசின் கை மட்டும் நின்றது.

“இத எடுத்தா இடுப்பும் சேர்ந்து வந்துரும்,” என்றான்.

“பாக்கறவங்க யாரு கைன்னு கேப்பாங்களே?”

தர்ஸ்டன் வெகுநேரம் உளியைத் துடைத்தான். காது சிவந்துவிட்டது. “என் கைன்னு சொல்லிக்கட்டும்.”

திட்டுவதற்காக ஹாவிஸ் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“அப்ப ஞாயித்துக்கிழமை கோயில்ல நம்ம கல்யாண அறிவிப்பு ஓலைய வாசிக்கச் சொல்லு,” என்றாள். “அதுக்கு முன்னாடி அந்த நகத்த வெட்டு. இன்னும் பிசாசு நகமாவே இருக்கு.”