‘நாங்க’ என்று சொன்ன டீச்சர்

காலடிப்பேட்டையில் நான் வேலை பார்த்த நடுநிலைப்பள்ளியில் ஓர் அறிவியல் டீச்சர் இருந்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் சிறிய சிலுவை, முந்தானையில் எப்போதும் சாக்பீஸ் தூள். தனக்கு வராததை மறைக்கத் தெரியாதவர். பாடத்தின் நடுவே தடுமாறினால் பக்கத்து வகுப்பு வாசலில் வந்து நின்று, "இத கொஞ்சம் வந்து சொல்லிக் குடுங்க டீச்சர், எனக்கே புரியல" என்பார், பிள்ளைகள் பார்க்க. எங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும். நாங்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துகிறவர்கள்.

ஒருநாள் கூட்டத்தில் தலைமையாசிரியர், எட்டாம் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வரவில்லை, யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"நாங்க எடுக்கிறோம் சார்" என்றார் அறிவியல் டீச்சர்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "யாரக் கேட்டு நாங்கன்னு சொன்னீங்க?"

"நான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பயமா இருந்திச்சு. உங்களையெல்லாம் பாத்துகினே நாங்கன்னு வந்துட்சு. இன்னா இப்ப, வரமாட்டீங்களா?"

அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க அவரோடு போனேன். மறுநாள் இன்னும் மூன்று டீச்சர்கள் வந்தார்கள். ஒருவர் சொல்லி எடுபடாததை இன்னொருவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தோம். ஆண்டு முடிவதற்குள் பத்துப் பேர் வாசித்தார்கள். ஆசிரியர் அறையில் வழக்கமாகக் கேட்கும் 'இதுங்களுக்கு வராது' என்ற பேச்சு நின்றுபோயிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அன்று எங்கள் குனிந்த தலைகளைப் பார்த்து அவருக்கு எப்படித் தைரியம் வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.